‘ரைட்’ என்ற சொல்லுக்குத் தடை

அந்த டிப்போவில் புதிய சிக்னல் போடும் வேலை தொடங்கிய அன்று எல்லோருக்கும் ஒவ்வொரு டீ-சேர்ட் கொடுத்தார்கள். முதுகில் ‘ஒரே அணி’ என்று மும்மொழியிலும் அச்சடிக்கச் சொல்லியிருந்தது. சிங்களம் பிழையில்லாமல் வந்தது. ஆங்கிலமும் பிழையில்லாமல் வந்தது. தமிழ் மட்டும் ‘ஒரே ஆணி’ என்று வந்தது. அச்சுக்குப் போகமுதல் அதைப் பார்வையிட்ட திட்ட முகாமையாளர் அருள்நேசன் ஒரு தமிழர். நன்றாயிருக்கிறது என்று சொன்னவரும் அவரே. எதைக் காட்டினாலும் அவர் நன்றாயிருக்கிறது என்பார். அந்த வேலைத்தளத்தில் மறுத்துச் சொல்லும் பழக்கம் மேலிருந்து கீழ்வரை ஒருவருக்கும் கிடையாது. மிகவும் ஒற்றுமையான இடம்.

ஆணியை முதுகில் சுமந்தவர்கள் நாலு பேர். துஷாந்தினி சிக்னல் இன்ஜினியர், வெள்ளவத்தை. மாடியில் பெனல் அறையில் இருந்து பட்டன்களை அழுத்துவது அவளுடைய வேலை. கீழே ஃபோர்மன் சப்ரி, கிராண்ட்பாஸ். எல்லோருக்கும் அவர் ‘நானா’, அண்ணன் என்று அர்த்தம். அவரோடு ஃபிட்டர் ரெனால்ட், கொட்டாஞ்சேனை. இதற்கு முதல் மட்டக்குளி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். நாலாவது ஆள் விமல், டிப்போவுக்குள் பெட்டிகளை இழுக்கும் எஞ்சினின் சாரதி. அவருக்குத் தமிழ் விளங்கும் என்று தமிழர்கள் நம்பினார்கள். தனக்குத் தமிழ் விளங்குகிறது என்று அவரும் நம்பினார்.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பொயின்ட் என்று பெயர். அங்கே கூராகச் சீவிய இரண்டு இரும்பு நாக்குகள் கிடக்கும். நாக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் ரயில் ஒரு பாதையில் போகும், அந்தப் பக்கம் ஒட்டினால் மற்றப் பாதையில். இவ்வளவு காலமும் ஓர் ஆள் பக்கத்தில் நின்று நெம்புகோலைத் தள்ளித்தான் நாக்கு அசைந்தது. இனி மாடியில் துஷாந்தினி பட்டனை அழுத்த, கீழே மோட்டார் தள்ளும். நெம்புகோல் தள்ளியவனுக்குக் கண் இருந்தது. மோட்டாருக்கு இல்லை.

முதல் மோட்டார் பூட்டிய அன்று சப்ரி ஒரு தம்பிலியைக் கொண்டுவந்து நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்து, அழுத்தச் சொன்னார். துஷாந்தினி அழுத்தினாள். நாக்கு அவசரப்படாமல் நகர்ந்துபோய்த் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டது. இடையில் ஏதோ இருந்ததாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. இளநீர் ரெனால்டின் முகமெல்லாம் தெறித்தது.

‘வெரலெண்டா இவ்ளோ தண்ணி வராது,’ என்றார் சப்ரி.

ஆபத்தைத் தடுக்க ஒரு வழியும் செய்துதான் இருந்தார்கள். ஒவ்வொரு மோட்டார்ப் பெட்டியிலும் ஒரு சாவித்துவாரம். சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டால் மாடியில் யார் எதை அழுத்தினாலும் அந்தப் பொயின்ட் அசையாது. பயமில்லாமல் கையை உள்ளே விட்டு வேலைசெய்யலாம். பெட்டிகள் ஒரு கப்பலில் வந்துவிட்டன. சாவிகள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதுவரை வேலையை நிறுத்திவைக்கலாமா என்று துஷாந்தினி கேட்டாள்.

‘அதுவரைக்கும் கொமியுனிகேஷன் இருக்குத்தானே,’ என்றார் அருள்நேசன்.

கொமியுனிகேஷன் என்பது நாலு வோக்கி-டோக்கி.

இரண்டாவது கிழமை ஒரு முற்பகல். எட்டாம் பொயின்டை எந்தப் பக்கம் போடுவது என்று துஷாந்தினிக்குத் தெரியவேண்டியிருந்தது. வோக்கியில் கேட்டாள்: ‘ரெனால்ட், எட்டு லெஃப்டா ரைட்டா?’

ரெனால்ட் அந்த நேரம் விமலின் எஞ்சின் படியில் தொங்கிக்கொண்டு நின்றான். எஞ்சின் இரைச்சலில் அவள் கேள்வி அவன் காதில் விழவில்லை. முன்னால் பாதை வெறுமையாகக் கிடந்ததைக் கண்டான். பஸ் படியில் தொங்கிய வருடங்கள் எல்லாம் சேர்ந்து அவன் வாயைத் திறந்தன. விமலுக்குக் கேட்கவேண்டும் என்று வோக்கியை வாயருகே பிடித்து, ‘ரைட்!’ என்று கத்தினான்.

கொழும்பில் பஸ்ஸேறிய எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். போகலாம். விமல் எஞ்சினை எடுத்தார். மாடியில் துஷாந்தினி எட்டாம் பொயின்டை வலதுபக்கம் போட்டாள்.

எட்டாம் பொயின்டில் சப்ரி குந்தியிருந்து கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

துஷாந்தினி படிகளில் ஓடிவந்து பார்த்தபோது அவர் தண்டவாளத்தில் உட்கார்ந்து தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறையின் மூன்று விரல்கள் பொயின்டுக்குள் போயிருந்தன. சப்ரியின் மூன்று விரல்கள் கையோடு இருந்தன. ஸ்டோர்ஸில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கையுறைதான் கொடுத்தார்கள், ஆளைப் பாராமல், யானைக்கும் போதுமான அளவு. அந்த அலட்சியத்தைத் தவிர வேறொன்றும் அன்று சப்ரியைக் காப்பாற்றவில்லை.

‘மிஸ், டீ குடிச்சீங்களா?’ என்று கேட்டார் சப்ரி. கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று யோசித்தார்.

அன்றிலிருந்து துஷாந்தினியின் ஆள்காட்டிவிரல் பட்டனுக்கு மேலே போனதும் ஒரு கணம் நிற்கப் பழகிக்கொண்டது. அந்த விரலுக்கு அடியில், மாடிக்குக் கீழே, தண்டவாளங்களுக்கு அப்பால், யாருடைய விரல் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை வேலைத்தளக் கொள்கலன் அறையில் கூட்டம் நடந்தது.

‘நான் சொன்னது போற ரைட் மிஸ்,’ என்றான் ரெனால்ட். ‘நீங்க கேட்டது பக்கத்து ரைட்.’

‘சரியான ரைட்டும் ஒண்டு ஈக்கி,’ என்றார் சப்ரி. அவர் வாயில் இருக்கு ஈக்கி ஆகும், சொல்லு செல்லு ஆகும்.

மூன்று ரைட்டுகளும் தடைசெய்யப்பட்டன. அப்போது விமல், ‘எஹெனம் ஹரி?’ என்று கேட்டார். அப்படியானால் ஹரி என்று சொல்லலாமா என்பது அவர் கேள்வி. யோசித்துப் பார்த்ததில் விமலின் ஹரிக்கு ‘காதில் விழுந்தது’, ‘செய்தாயிற்று’, ‘போதும்’, ‘பேசாமல் இரு’ என்று நாலு அர்த்தங்கள் இருந்தன. வோக்கியில் சரி என்பதும் ஹரி என்றுதான் விழும். இரண்டும் போயின.

‘ஓகே?’ என்றாள் துஷாந்தினி.

‘அது வேணாம் மிஸ். விளங்காட்டி நான் ஓகே எண்டுதான் சொல்லுவன்,’ என்றான் ரெனால்ட்.

அதுவும் போயிற்று. ஓம் என்பதை வோக்கி விழுங்கிவிட்டு ‘ம்’மை மட்டும் அனுப்பியது. ஆக, ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த நாலு பேருக்கும் சம்மதம் சொல்ல ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. மறுப்புச் சொல்லத்தான் ஏற்கெனவே ஒன்றும் இருக்கவில்லையே.

பொயின்டின் இரண்டு பக்கங்களுக்கும் சிக்னல் புத்தகத்தில் உள்ளபடி நோர்மல், ரிவர்ஸ் என்று வைத்தார்கள். அன்று பின்னேரம் துஷாந்தினி ‘எட்டு, ரிவர்ஸ்’ என்றாள். விமல் மிகக் கவனமாக எஞ்சினைப் பின்னுக்கு எடுத்து, பாதை முடியும் இடத்தில் இருந்த மரக்கட்டையில் போய் முட்டினார்.

‘மிஸ் ரிவர்ஸ் கிவ்வா,’ என்றார். ‘மம ரிவர்ஸ் கியா.’

மிஸ் சொன்னார், நான் போனேன். அதில் பிழை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு உலகத்தில் திசை இரண்டுதான். காலி வீதிக்குக் கடல் பக்கம், தரைப் பக்கம். கடையோ டியூட்டரியோ கல்யாண மண்டபமோ, இரண்டில் ஒன்றில் இருக்கவேண்டும். ‘கடல் பக்கம், தரைப் பக்கம் எண்டு வைப்பம்,’ என்றாள் துஷாந்தினி. ‘அதில ஒருத்தரும் பிழைவிட ஏலாது.’

எல்லோரும் தலையாட்டினார்கள்.

‘எங்க, கடல் பக்கம் கையைக் காட்டுங்கோ பாப்பம்.’

துஷாந்தினியின் கை ஒரு பக்கம் போனது. ரெனால்ட் துறைமுகத்தைக் காட்டினான். சப்ரி களனி கங்கையைக் காட்டினார். கிராண்ட்பாஸில் வெள்ளம் வருவது அங்கேயிருந்துதான், கடலிலிருந்தல்ல. விமல் தன்னுடைய ஊரில் கடல் இருந்த திசையில் நம்பிக்கையோடு நீட்டினார். நாலு கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

கடைசியில் சப்ரிதான் பேசினார். ‘பக்கத்த விடுங்க மிஸ். எந்தப் பக்கம் நிக்கிதெண்டு ஒங்கட பெனல்ல லைட் எரியும்தானே? கை உள்ள ஈக்கா இல்லயா, அத மட்டும் செல்லுவோம். முழுசா செல்லுவோம். “எட்டாம் பொயின்டில் ஆள் இல்லை” எண்டு. இது காதுல விழாம நீங்க அமுக்கப்படாது.’

ஒவ்வொருவரையும் ஒருமுறை சொல்லவைத்தார். விமல் சொன்னபோது ஆணில்லை என்று விழுந்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அது நல்ல வாக்கியம். சில நாட்கள் உயிரோடும் இருந்தது. பிறகு, எந்தப் பொயின்டைப் பற்றிக் கதைக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று, இலக்கம் போனது. அடுத்ததாக ‘ஆள்’ போனது. ‘இல்லை’ மட்டும் மிஞ்சியது. ‘போடட்டா?’ என்று துஷாந்தினி ஒருநாள் கேட்டதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது. ஆள் இல்லையா, போடவேண்டாமா? அவள் கீழே இறங்கிவந்து கேட்டாள்.

‘இல்லை எண்டா இல்லைதானே மிஸ்,’ என்றான் ரெனால்ட், அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

அதன்பிறகு அந்தச் சொல்லும் குறைந்து குறைந்து நின்றுபோனது. யாரும் தீர்மானிக்கவில்லை. கூட்டம் ஒன்றும் கூடவில்லை. துஷாந்தினி ‘எட்டில ஆள் இருக்கா?’ என்று கேட்பாள். கொஞ்சம் பொறுப்பாள். சத்தம் வராவிட்டால் அழுத்துவாள். ஆள் இருந்தால் சொல்லாமல் விடுவார்களா? கீழே நின்றவர்களோ, தாங்கள் கையை எடுத்து எழும்பிய பிறகே நாக்கு அசைவதைக் கண்டார்கள். தினமும் கண்டார்கள். மாடி ஜன்னலிலிருந்து மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து எட்டாம் பொயின்ட் தெரியாது. கழித்துவிட்ட பழைய ரயில் பெட்டியொன்று குறுக்கே நின்றது. அது அங்கே நிற்பதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, அது எப்போதும் அங்கேதான் நின்றது என்பதால்.

வோக்கிகளில் இப்போது பதில்கள் இல்லை, இரைச்சலும் சீட்டியும் செருமலும் மட்டும் ஓடின. அருள்நேசன் ஒருநாள் வந்து, பெனல் அறையில் நின்று, வேலை சத்தமில்லாமல் நடப்பதைக் கேட்டார். ‘பாத்தீங்களா, சொல்லாமலே ஆளுக்காள் விளங்குது. இதுதான் டீம்வேர்க்,’ என்றார். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெனல் அறைக்கு வெள்ளைச் சட்டைகள் நிறைய வந்தன. குத்துவிளக்கேற்றினார்கள். மூலையில் பற்றிஸும் ஃபிஷ் ரோலும் மூடியபடி இருந்தன. எட்டாம் பொயின்டைப் போட்டு, விமலின் எஞ்சின் பூமாலையோடு உள்ளே வருவதாக ஏற்பாடு. துஷாந்தினி தலையசைத்ததும் விருந்தினர்களில் மிகப் பெரியவர் பட்டனை அழுத்துவார். அவர் இப்போதே விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தபடி நின்றார். விரலில் பெரிய நீலக்கல் மோதிரம்.

துஷாந்தினி வோக்கியை எடுத்தாள். ‘எட்டில ஆள் இருக்கா?’

சத்தம் வரவில்லை. வழக்கம்போலத்தான். அவள் தலை அசையப் போனது.

ஆனால் அது வழக்கமான மௌனமல்ல. வழக்கமான மௌனத்தில் ரெனால்டின் சீட்டி கேட்கும், சப்ரி செருமுவார், விமல் யாரையாவது திட்டுவார். இது துடைத்துவைத்த மௌனம். வீட்டுக்குள் ஆட்களை வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருப்பவர்களின் மௌனம்.

‘எட்டில ஆள் இருக்கா இல்லையா?’

ஒன்றுமில்லை.

‘என்ன துஷாந்தினி,’ என்றார் அருள்நேசன், சிரிப்பைக் குறைக்காமல், பல்லுக்குள்ளால்.

‘ஆள் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை சேர்.’

‘ஆள் இருக்கெண்டும் சொல்லேல்லைத்தானே.’

மோதிரக்காரர் அருள்நேசனைப் பார்த்து, ‘ரெடி?’ என்றார். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் அருள்நேசன், ‘யெஸ் சேர்’ என்றார்.

‘ஏலாது!’

அது தன்னுடைய குரல்தான் என்று துஷாந்தினிக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அதற்குள் அவள் கை பெனலை முழுதாக அணைக்கும் சாவியைத் திருப்பி உருவிவிட்டது. நீலக்கல் பட்டனோடு சேர்ந்து கீழே போனது. பெனலின் விளக்குகள் அணைந்திருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. கைதட்டுவதற்கு எடுத்த சில கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. அந்த வேலைத்தளத்தில் அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. அருள்நேசன் அதைத் தமிழ் தெரியாதவர் போலப் பார்த்தார்.

சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவள் கீழே ஓடினாள். பழைய பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் எட்டாம் பொயின்டுக்கு வந்தாள்.

ரெனால்ட் குப்புறப் படுத்திருந்தான். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் அவனுடைய கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு நட் கழன்று அடியில் விழுந்துவிட்டிருந்தது. சப்ரி பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் வோக்கி. அவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

‘ஏன் ஒண்டும் சொல்லாம இருந்தனீங்கள்?’

‘மெல்ல, மெல்ல,’ என்றார் சப்ரி, காற்றுக் குரலில். ‘அருள்நேசன் சேர் காலேல வந்து சென்னார். விருந்தாளிங்க ஈக்கக்கொள்ள வோக்கில சத்தம் வரப்படாதாம்.’

‘நான் ரெண்டுதரம் கேட்டனான் நானா!’

‘கேட்டிச்சி. அதான் வாயத் தொறக்கல்ல. ஆள் இல்லயெண்டு நாங்க செல்லாட்டி நீங்க அமுக்க மாட்டீங்கதானே?’

துஷாந்தினி குனிந்தாள். ரெனால்டின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, மாடி ஜன்னல் இருக்கவேண்டிய திசையைப் பார்த்தாள். சப்ரியும் பார்த்தார். அவருக்கும் பழைய பெட்டிதான் தெரிந்தது.

‘மிஸ்,’ என்றார். இப்போது குரல் காற்றாக இல்லை. ‘அப்ப இவ்ளோ நாளும் எத வெச்சி அமுக்கினீங்க?’

‘கிடைச்சிட்டு!’ என்று கீழேயிருந்து கத்தினான் ரெனால்ட். நட்டை விரல்களுக்கிடையில் பிடித்து, கையை வெளியே எடுத்து, வெற்றிக் கிண்ணம்போல உயர்த்திக் காட்டினான்.

விழா நடந்து முடிந்தது. மோதிரக்காரர் இரண்டாம் தடவை அழுத்தியபோது நாக்கு அழகாக நகர்ந்தது, பூமாலை போட்ட எஞ்சின் உள்ளே வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். சின்னத் தொழில்நுட்பத் தாமதம் என்று அருள்நேசன் விளக்கினார். பற்றிஸ் ஆறிப்போயிருந்தது.

துஷாந்தினியை அடுத்த கிழமையே தலைமைக் காரியாலயத்தில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். வேலையில் குறை ஒன்றுமில்லை, அணியுணர்வுதான் போதாது என்று காரணம் சொன்னார்கள். போகும்போது சாவிக் கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

பெனலுக்குப் புதிதாக வந்தவன் பிரதீஸ். தங்கமான பிள்ளை. வந்த காலையே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சப்ரி மாடிக்கு ஏறிப்போய், ஆள் இல்லை என்று காதில் விழாமல் அழுத்தக்கூடாது என்பதை முழுதாக எடுத்துச் சொன்னார். பிரதீஸ் அவர் தோளில் தட்டிச் சிரித்தான்.

பின்னேரம் எட்டாம் பொயின்டின் நாக்கு ஒட்டாமல் நின்றது. இடுக்கில், உள்ளே, ஒரு சல்லிக்கல். கம்பியால் கிளறிப் பார்த்தார்கள். அது இன்னும் ஆழத்துக்குப் போனது. விமலின் எஞ்சின் தூரத்தில் நின்று இரண்டுதரம் கூவியது.

சப்ரி வோக்கியை வாயருகே பிடித்தார். ‘பிரதீஸ் மனே, எட்டுல கை வெக்கப் போறேன். அமுக்க வேணாம்.’

‘நோ ப்ரொப்ளம்!’ என்று வந்தது.

சப்ரி வோக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அதைப் பார்த்தார். ‘அதுக்கு என்னடா அர்த்தம்?’

ரெனால்ட் யோசித்தான். ‘அமுக்க மாட்டாராக்கும் நானா.’ மேலும் யோசித்தான். ‘இல்லாட்டி, அமுக்கினாலும் பிரச்சினை இல்லை எண்டுறாரோ தெரியா.’

சப்ரி இன்னொருமுறை கேட்டார், சொல் சொல்லாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. அதே பதில் வந்தது, முன்னையிலும் சந்தோஷமாக. பின்னால் மாடியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

எஞ்சின் மறுபடியும் கூவியது. கல்லை யாராவது எடுத்துத்தான் ஆகவேண்டும். சப்ரி முழங்காலில் இருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ரெனால்டிடம் கொடுத்தார்.